எல்லை ஊரில் ஃபென்டனில்: ஒரு கவுண்டி நிர்வாகத்தால் என்னதான் செய்ய முடியும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: அண்ணன் மகன் சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேருகிறான், தங்கப்போவது சூலா விஸ்டாவில் தெரிந்தவர் வீட்டில், அங்கிருந்து மெக்சிகோ எல்லை சில மைல்தான், செய்தியைத் திறந்தால் ஃபென்டனில் என்ற போதைச்சரக்கு, அந்த ஊர் நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறது, எல்லையை இறுக்கி மூடினால் தீர்ந்துவிடாதா. மூன்று நான்கு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வாசலிலேயே வந்து இறங்குகிற ஒரு சரக்கை எதிர்த்து, எல்லைமேல் எந்த அதிகாரமும் இல்லாத ஒரு கவுண்டியால் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்ன செய்ய முடியும், செய்வதில் எது பலன் தருகிறது? நான் சான் டியேகோ கவுண்டியின் தென்பகுதியில் பல வருடங்களாக மருந்தாளுநராக இருக்கிறேன். போதை மிஞ்சி மூச்சு நின்றவரை மீட்கும் நலாக்ஸோன் கொடுப்பதும், அடிமையானவருக்குச் சிகிச்சையான புப்ரெனார்ஃபின் கொடுப்பதும் எனக்கு அன்றாட வேலை, அதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். போலீஸ், சட்டம், சுங்கம் பற்றிச் சொல்வது படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மருந்து. ஃபென்டனில் ஏதோ மெக்சிகோக் காட்டில் பிறந்த விஷம் இல்லை. 1960ஐ ஒட்டி பெல்ஜியத்தில் பால் யான்சன் என்ற மருத்துவர் உருவாக்கிய வலி நிவாரணி அது, இன்றைக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிகள் உட்பட உலகம் முழுக்க அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய் வலிக்கும் பயன்படுகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால் அவர்களுக்கு இதைப் போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீரியம் மார்ஃபினைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு, ஹெராயினைப்போல் 50 மடங்கு. ஆஸ்பத்திரியில் மைக்ரோகிராம் கணக்கில் அளந்து போடுகிறார்கள், மூச்சைக் கவனிக்க ஒருவர் தலைமாட்டிலேயே நிற்கிறார். தெருச்சரக்கில் அளவும் கிடையாது, ஆளும் கிடையாது. இங்கே அதிகம் புழங்குவது ஒரு பக்கம் ‘எம்’ என்றும் மறுபக்கம் 30 என்றும் அச்சிட்ட சின்ன நீல மாத்திரை. பார்க்க ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரை மாதிரியே இருக்கும், பல வருடம் மாத்திரை எண்ணிய என் கண்ணுக்கே பல சமயம் வித்தியாசம் தெரியாது. உள்ளே ஃபென்டனில் பாயசத்தில் முந்திரி மாதிரிதான், ஒரு கரண்டியில் மூன்று வரும், அடுத்ததில் ஒன்றுகூட வராது. அதனால்தான் ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு மாத்திரையில் ஒருவன் தூங்கி எழுகிறான், இன்னொருவன் எழுவதில்லை. மத்தியப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏ 2023ல் சோதித்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தது. உயிரைப் பறிக்கக்கூடியது என்று அவர்கள் கணக்கில் வைத்திருக்கும் அளவு அது. 2024ல் அது பத்துக்கு ஐந்தாகக் குறைந்தது.

எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் சாவும் அதிகம் இருக்கும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் நிலவரம் அப்படி இல்லை. மக்கள்தொகை விகிதத்தில் ஓவர்டோஸ் (போதை அளவு மிஞ்சுவது) சாவில் வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்த மாநிலம் வெஸ்ட் வர்ஜீனியா, மெக்சிகோவுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. 2013-14 வாக்கில் ஃபென்டனில் முதலில் பரவியதே கிழக்கு மாநிலங்களில்தான். அங்கே ஹெராயின் வெள்ளைத் தூளாக விற்றது, அதில் இதைக் கலப்பது சுலபம். மேற்கே விற்றது தார் போன்ற கறுப்பு ஹெராயின், அதில் வெள்ளைத் தூளைக் கலந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எங்கள் பக்கம் சில வருடம் தப்பித்தது. நீல மாத்திரையாக வந்தபோது அந்தப் பாதுகாப்பு போயிற்று. சான் டியேகோ கவுண்டியில் ஃபென்டனில் சாவு 2016ல் 33, 2021ல் 800க்கும் மேல். ஆக எல்லை என்பது ஒரு காரணம், விலை மலிவுக்கு நிச்சயம் காரணம், ஆனால் யார் சாகிறார்கள் என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை.

‘இறுக்கி மூடினால்?’ என்ற கேள்விக்கு வருகிறேன். தென்மேற்கு எல்லையில் பிடிபடும் ஃபென்டனிலில் மிகப் பெரும்பகுதி பாலைவனத்தில் நடந்து வருகிறவர்களின் முதுகுப்பையில் இல்லை, சட்டப்படியான நுழைவாயில்களில், கார்களிலும் லாரிகளிலும் பிடிபடுகிறது. கடத்தியதற்காக மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள். கடத்துகிறவன் பக்கம் நின்று யோசித்தால் இது புரியும், வரிசையில் சந்தேகம் இல்லாமல் கடந்து போகிற பாஸ்போர்ட் உள்ளவனைத்தானே அவன் வேலைக்கு வைப்பான். சான் இசித்ரோ நுழைவாயில் வழியாக மட்டும் தினமும் ஏறத்தாழ 70,000 பேர் வாகனங்களிலும் 20,000 பேர் நடந்தும் வடக்கே வருகிறார்கள். என்னோடு வேலை பார்த்த டெக்னீஷியன்களில் சிலர் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் திஹுவானாவில் குடியிருந்துகொண்டு விடியற்காலை வரிசையில் நின்று வேலைக்கு வந்தவர்கள். மூடுவது என்றால் இவர்களையும் சேர்த்து மூட வேண்டும்.

சரக்கின் அளவும் ஒரு சிக்கல். 2019 ஜனவரியில் அரிசோனாவின் நோகாலெஸில் வெள்ளரிக்காய் ஏற்றி வந்த ஒரு லாரியின் தரையடி அறையில் 254 பவுண்டு, அதாவது சுமார் 115 கிலோ ஃபென்டனில் சிக்கியது, அதுவரை சுங்கத்துறை பிடித்ததிலேயே அதுதான் பெரியது. உடனே இதை 2 மில்லிகிராமால் வகுத்து ‘இத்தனை கோடிப் பேரைக் கொன்றிருக்கும்’ என்று செய்தி போட்டார்கள். அந்தக் கணக்கு எனக்கு எப்போதும் எரிச்சல்தான், தெருத்தூள் சுத்தமான ஃபென்டனில் இல்லை, யாரும் அதைச் சமமாகப் பங்கிட்டு வீடு வீடாகக் கொடுப்பதும் இல்லை. அதில் கவனிக்க வேண்டியது வேறு. சுத்தமான ஃபென்டனிலாகக் கணக்கிட்டால் இந்த நாடு முழுக்க ஒரு வருடம் செலவாவது பத்து டன்னுக்குள்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கஞ்சாவோ கோக்கெயினோ கடத்தத் தேவைப்படும் இடத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எல்லா வாகனத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று 2021ல் சட்டமே போட்டார்கள், இலக்கு 2027. ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கண்டிப்பாக வேண்டும். ஆனால் அது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு வாங்கி மத்திய அரசே நிறுத்த வேண்டியது. மூலப்பொருள் வருகிற பாதையும் அப்படித்தான். 2019 மே மாதம் சீனா ஃபென்டனில் வகை முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, முன்பு தபாலில் நேரடியாக வந்துகொண்டிருந்தது நின்று, ரசாயனம் மெக்சிகோ போய் அங்கே சரக்காகி வர ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் குஜராத்தைச் சேர்ந்த இரண்டு ரசாயன நிறுவனங்கள்மேலும் நியூயார்க்கில் வழக்குப் பதிவானது. இதில் எதையும் சூலா விஸ்டா நகரசபை தடுக்க முடியாது.

அப்போது கவுண்டியின் கையில் என்ன இருக்கிறது? பிணவறை, ஜெயில், பொதுச் சுகாதாரத் துறை. பள்ளிகளையும் மருந்துக்கடைகளையும் கூட்டு சேர்த்துக்கொள்ளலாம். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் உயிர் பிழைப்பதும் போவதும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கட்சி.

பிணவறையில் ஆரம்பிக்கிறேன், யாரும் பேசாத இடம் அது. எந்தச் சாவு எதனால் என்று சொல்வது கவுண்டியின் மருத்துவப் பரிசோதகர் அலுவலகம். ரத்தத்தில் ஃபென்டனிலைத் தேடினால்தான் கிடைக்கும், தேடாவிட்டால் அது ‘மாரடைப்பு’ ஆகிவிடும். ஆள் பலமும் ஆய்வுக்கூட வசதியும் உள்ள சான் டியேகோவில் எண்ணிக்கை வேகமாகத் தெரிகிறது, எங்கே கூடுகிறது, எந்த வயதில் கூடுகிறது என்று பார்த்து சுகாதாரத் துறை முடிவெடுக்க முடிகிறது. 2022 ஜூனில் கவுண்டி மேற்பார்வையாளர்கள் ஃபென்டனிலைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தபோது அவர்கள் கையில் இருந்தது அந்த எண்கள்தான். டெக்சாஸின் கிராமப்புற எல்லைக் கவுண்டிகள் பலவற்றில் இறப்பை விசாரித்துச் சான்று தருபவர் மருத்துவரே இல்லை, தேர்தலில் வென்ற உள்ளூர் நீதிபதி. பிரேதப் பரிசோதனைக்கு உடலை வேறு ஊருக்கு அனுப்பினால் செலவு அந்தக் கவுண்டியின் தலையில். எனவே ஒரு எல்லைக் கவுண்டியில் எண்ணிக்கை குறைவு என்று யாராவது சொன்னால், எத்தனை உடலைச் சோதித்தார்கள் என்று நான் முதலில் கேட்பேன்.

அடுத்தது நலாக்ஸோன். இது வேலை செய்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூளையில் ஓபியாய்டு (மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில் வகை மருந்து) உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது, சில நிமிடத்தில் மூச்சு திரும்புகிறது. ஓபியாய்டு இல்லாதவருக்குத் தவறிப் போட்டாலும் கெடுதல் இல்லை. 2018 முதல் கலிஃபோர்னியா மாநிலம் அமைப்புகளுக்கு இதை இலவசமாகக் கொடுக்கிறது. 2023 தொடக்கத்தில் எங்கள் கவுண்டி இதற்கென்று வெண்டிங் மெஷின்கள் வைக்கத் தொடங்கியது, முதலாவது நீங்கள் சொன்ன அதே சூலா விஸ்டாவில், ஒரு சிகிச்சை மையத்தில். அதே வருடம் மார்ச்சில் நார்கன் என்ற நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரேயை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க மத்திய அனுமதி கிடைத்து, செப்டம்பரில் கடைத்தட்டுக்கு வந்தது, இரண்டு டோஸ் சுமார் 45 டாலர். பிறகு மாநில அரசே தன் பெயரில் 24 டாலருக்குக் கொண்டுவந்தது. கடைத்தட்டில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 45 டாலர் கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற கவலைப்படும் உறவினர்கள். அது தினமும் தேவைப்படுகிறவன் கையில் 45 டாலர் இருந்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். இலவசமாக, பெயர் கேட்காமல், நேராக அவர்கள் கையில் கொடுத்த இடங்களில்தான் அது தேவையான அறையில் இருக்கிறது.

டெஸ்ட் ஸ்ட்ரிப் விஷயத்தில் எல்லை மாநிலங்கள் பிரிந்து நிற்பது வேடிக்கையாக இருக்கும், சாவு சம்பந்தப்படாமல் இருந்தால். சரக்கில் துளி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, காகிதப் பட்டையை நனைத்தால் ஃபென்டனில் இருக்கிறதா என்று சொல்லும். ஒரு கோடு வந்தால் இருக்கிறது, இரண்டு கோடு வந்தால் இல்லை. கோவிட் டெஸ்டுக்கு நேர்மாறு என்பதால் இதை விளக்காமல் யாருக்கும் கொடுக்கவே கூடாது. எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது, சோதித்த துளியில் இல்லாதது மாத்திரையின் மறுபாதியில் இருக்கலாம். அரிசோனா 2021லும், நியூ மெக்சிகோவும் கலிஃபோர்னியாவும் 2022லும் இதைச் சட்டபூர்வமாக்கின. டெக்சாஸில் ஆளுநர் அபட்டே ஆதரவு தெரிவித்து, 2023ல் கீழவையும் ஏற்றுக்கொண்ட மசோதா, செனட்டில் போய் நின்றுவிட்டது. அங்கே இந்தக் காகிதம் ‘போதைக் கருவி’ என்ற கணக்கில் வந்தது, 500 டாலர் வரை அபராதம். டெக்சாஸின் எல்லை நகரமான எல் பாசோவின் மேற்கு ஓரத்தையும் நியூ மெக்சிகோவின் சன்லேண்ட் பார்க்கையும் பிரிப்பது சில தெருக்கள்தான். ஒரு பக்கம் சுகாதாரத் துறை கொடுக்கிற பொருள், தெருவைத் தாண்டினால் குற்றம். எல் பாசோ நகரசபை எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டம் மாறாமல் அதனால் எதுவும் செய்ய முடியாது. ‘உள்ளூர்க் கொள்கை’ என்று பேசும்போது இந்த வரம்பை மறந்துவிடுகிறார்கள். சரி, ஸ்ட்ரிப் சாவைக் குறைக்கிறதா? பயன்படுத்துகிறவர்கள் நடத்தையை மாற்றுகிறார்கள், கொஞ்சமாக எடுக்கிறார்கள், தனியாக எடுப்பதில்லை என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. சாவு எண்ணிக்கை குறைந்தது என்று கைவைத்துக் காட்டும் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. அதுவும் தெரிந்தே ஃபென்டனில் வாங்குகிறவருக்கு ‘இதில் ஃபென்டனில் இருக்கிறது’ என்று சொல்லி என்ன பயன்? பார்ட்டியில் நண்பன் கொடுத்த ஸானாக்ஸ் என்ற பதற்ற மாத்திரையை விழுங்கப்போகும் பத்தொன்பது வயதுக்காரனுக்குத்தான் இது மிக உபயோகம்.

சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைவிட்டுவிட்டு இந்தப் பதிலை எழுத முடியாது. அடிமையானவருக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டும் சாவைக் குறைக்கின்றன, இந்தத் துறையில் இவ்வளவு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் அதிகம் இல்லை. புப்ரெனார்ஃபின் எழுத டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதியை 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டம் நீக்கிவிட்டது, எல்லோரும் கைதட்டினோம். பிறகு பார்த்தால் அடைப்பு எங்கள் கவுண்டரில் இருந்தது. வலி மாத்திரைகளை அளவின்றி விற்றதாக வந்த ஓபியாய்டு வழக்குகளில் சமரசம் செய்துகொண்ட மொத்த விநியோக நிறுவனங்கள் ஒவ்வொரு கடையின் ஆர்டரையும் கண்காணித்து, அளவு கூடினால் நிறுத்தி வைக்கின்றன. வலி மாத்திரைக்காக வந்த அந்தக் கட்டுப்பாடு, அடிமையானவரை மீட்கிற மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை மாலை, ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர் மருந்துச்சீட்டோடு கவுண்டருக்கு வருகிறார், எட்டு மில்லிகிராம் புப்ரெனார்ஃபின் பட்டை கையிருப்பில் இல்லை, திங்கள்தான் வரும் என்கிறோம். அவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். திங்கள் வரைக்கும் அவர் உடம்பு காத்திருக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மருந்துக்கடைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எங்கே எப்போதும் கையிருப்பு இருக்கும் என்று ஒரு பட்டியல் போடுவதற்குப் பெரிய சட்டம் வேண்டாம், கவுண்டி சுகாதாரத் துறையே செய்யலாம்.

ஜெயிலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2007ல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸால் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. அது ஃபென்டனிலுக்கு முந்தைய காலம். உள்ளே இருந்தபோது உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது, வெளியே வந்ததும் பழைய அளவையே எடுக்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். சான் டியேகோ ஜெயில்களில் 2006க்கும் 2020க்கும் இடையில் 185 பேர் இறந்ததை மாநிலத் தணிக்கையாளர் 2022ல் கடுமையாகச் சுட்டிக்காட்டினார், எல்லாம் போதையால் இல்லை, ஆனால் அது உள்ளே நடப்பதன் மேல் வெளிச்சம் போட்டது. கைதிகளே எடுத்துப் பயன்படுத்தும்படி நலாக்ஸோனை அவர்கள் அறைப்பகுதியில் வைத்தது, ஜெயில்களை நடத்தும் ஷெரிஃப் அலுவலகம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவுக்கு மத்திய அனுமதி கிடைத்தது: விடுதலைக்கு முந்தைய 90 நாளில் கைதிகளுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து சிகிச்சை தொடங்கலாம். நாட்டிலேயே முதலில் அனுமதி பெற்ற மாநிலம் இதுதான். ஒவ்வொரு கவுண்டியும் எவ்வளவு வேகமாக நடைமுறைப்படுத்துகிறது என்பதில்தான் வித்தியாசம். ஒரு எல்லைக் கவுண்டி ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பணம் செலவழிக்கலாம் என்றால் ஜெயில் வாசலில் செலவழிக்கச் சொல்வேன்.

தண்டனைச் சட்டங்கள் பக்கம் வருவோம், இங்கே என் துறையைவிட்டு வெளியே நிற்கிறேன். 2023 செப்டம்பர் முதல் டெக்சாஸில் ஃபென்டனில் கொடுத்து ஒருவர் இறந்தால் கொலை வழக்கே போடலாம். அரிசோனா 2024 நவம்பரில் வாக்கெடுப்பில் தண்டனையைக் கூட்டியது, அதே நாளில் கலிஃபோர்னியாவும் விற்கிறவர்களுக்கு ‘அடுத்த முறை சாவு நேர்ந்தால் கொலை வழக்கு’ என்று நீதிமன்றமே எச்சரிக்கும் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் கேட்டு வந்த சட்டங்கள் இவை, அவர்கள் கோபத்தை நான் எள்ளளவும் குறைத்துப் பேச மாட்டேன். கேள்வி, இது சாவைக் குறைக்குமா என்பது மட்டும்தான். பெரிய வியாபாரியைத் தூக்கி உள்ளே வைப்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. நடைமுறையில் சிக்குகிறவர்களில் கணிசமானவர்கள், பணம் போட்டுச் சேர்ந்து வாங்கிச் சேர்ந்து எடுத்த நண்பனோ காதலியோ. பக்கத்தில் ஒருவன் நீலம் பாய்ந்து கிடக்கும்போது 911ஐக் கூப்பிட்டால் தன்மேல் கொலை வழக்கு வரலாம் என்று தெரிந்தவன் என்ன செய்வான்? கூப்பிட்டவரைக் காப்பாற்றும் சட்டம் டெக்சாஸிலும் 2021ல் வந்தது, ஆனால் அதில் ஏகப்பட்ட ஓட்டை, ஏற்கெனவே ஒருமுறை அதைப் பயன்படுத்தியவருக்கோ முன்பு போதை வழக்கில் தண்டனை பெற்றவருக்கோ அது உதவாது. இண்டியானாபொலிஸில் நடந்து 2023ல் வெளியான ஓர் ஆய்வு, போலீஸ் ஓபியாய்டு சரக்கைப் பிடித்த இடத்தைச் சுற்றி அடுத்த நாட்களில் ஓவர்டோஸ் சாவு கூடியதைக் காட்டியது. பழகிய விற்பனையாளர் போனதும் முன்பின் தெரியாத சரக்கை வாங்குகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒரு நகரத்து ஆய்வு, எல்லை ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ரெய்டு நடந்த மறுநாள் அந்தப் பேட்டையில் நலாக்ஸோனோடு ஆள் அனுப்ப வேண்டும் என்பதற்கு எனக்கு அது போதும்.

தொட்டாலே சாவு என்ற பீதியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் சான் டியேகோ ஷெரிஃப் அலுவலகம், ஃபென்டனில் பக்கத்தில் நின்ற ஒரு காவலர் மயங்கி விழுவது போன்ற வீடியோவை வெளியிட்டது, உலகம் முழுக்கப் பரவியது. நச்சியல் நிபுணர்கள் உடனே மறுத்தார்கள். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2017லேயே தோலில் பட்டதால் விஷமாவது மிக மிக அரிது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தோல்வழியே போகச் செய்யும் வலிப்பட்டையைத் தயாரிக்க மருந்துக் கம்பெனிகள் எவ்வளவு பாடுபட்டன என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. இந்தப் பீதியால் யாரோ விழுந்து கிடப்பவர்மேல் கை வைக்கவே பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். தூள் கையில் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவினால் தீர்ந்தது.

எல்லைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதையும் இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். திஹுவானாவிலும் மெஹிகாலியிலும் ஹெராயின் என்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஃபென்டனிலைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள், பலருக்கு அது தெரியாது. மெக்சிகோவில் நலாக்ஸோன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, கடைகளில் எளிதாகக் கிடைக்காது. 2023 மார்ச்சில் அன்றைய அதிபர் லோபெஸ் ஒப்ராடோர் ‘இங்கே ஃபென்டனில் தயாரிப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை’ என்ற ரீதியில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு ஊர்களும் இருக்கும் மெக்சிகோ மாநிலமான பாஹா கலிஃபோர்னியாவின் பிணவறையில் உடல்களைச் சோதித்து அது இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திஹுவானாவின் பிரெவென்காசா போன்ற சிறு தொண்டு மையங்கள் வடக்கிலிருந்து நன்கொடையாக வரும் நலாக்ஸோனை வைத்துத்தான் சமாளிக்கின்றன. சரக்கு வடக்கே வருகிறது, மாற்று மருந்து தெற்கே போகிறது. உங்கள் அண்ணன் மகனுக்கு இதில் நேரடியான செய்தி ஒன்று உண்டு. மாணவர்கள் வார இறுதியில் திஹுவானா போவது இங்கே சாதாரணம். வடமெக்சிகோவின் சுற்றுலாப் பகுதிகளில் முறையான மருந்துக்கடை மாதிரி தெரிகிற கடைகளிலேயே ஃபென்டனிலும் மெத் என்ற ஊக்கப் போதைமருந்தும் கலந்த போலி மாத்திரைகள் விற்றதை 2023ல் கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் கண்டுபிடித்தார்கள், அமெரிக்க வெளியுறவுத் துறையும் எச்சரித்தது. அங்கே மாத்திரை வாங்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தலைவலி மாத்திரை உட்பட, இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போகட்டும்.

பணம் எங்கிருந்து என்று நினைப்பீர்கள். மருந்துக் கம்பெனிகளும் விநியோகஸ்தர்களும் வழக்குச் சமரசமாகத் தரும் தொகை நாடு முழுக்க 50 பில்லியன் டாலருக்கு மேல், ஏறத்தாழ 18 வருடத்தில் தவணையாக. அரிசோனாவில் அதில் 56 சதவீதம் நேராக உள்ளூர் நிர்வாகங்களுக்குப் போகிறது, டெக்சாஸில் 15 சதவீதம்தான், பெரும்பகுதி மாநில அளவிலான ஒரு குழுவின் கையில். நோகாலெஸில் ஜெயில் வாசலில் என்ன செய்வது என்று நோகாலெஸே முடிவெடுக்க முடிவதற்கும் எல்லையின் இன்னொரு ஊர் மனுப் போட்டுக் காத்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா?

கடைசியாக, இதெல்லாம் பலன் தந்ததா என்பது. அமெரிக்காவில் ஓவர்டோஸ் சாவு 2022ல் சுமார் 1,08,000, 2023ல் சுமார் 1,05,000, 2024ல் சுமார் 80,000. ஒரே வருடத்தில் கால் பங்கு இறங்கியது, யாரும் எதிர்பார்க்காதது. இது ஏன் என்பதில்தான் சண்டை. நலாக்ஸோன் என்கிறார்கள் சிலர், சிகிச்சை என்கிறார்கள் சிலர், சரக்கின் வீரியமே குறைந்துவிட்டது என்கிறார்கள் சிலர், டிஇஏ சோதனையில் பத்துக்கு ஏழு பத்துக்கு ஐந்தானது அதற்குச் சாட்சி. சாகக்கூடியவர்கள் ஏற்கெனவே செத்துவிட்டார்கள் என்ற கொடுமையான விளக்கமும் உண்டு, அதையும் சும்மா ஒதுக்க முடியாது. எல்லா மாநிலத்திலும் ஒரே நேரத்தில் இறங்கவில்லை, கிழக்கில் முன்னால் இறங்கியது, மேற்கில் பின்னால். அதனால் எந்த மேயரோ ஆளுநரோ ‘என் திட்டத்தால் இறங்கியது’ என்று மார்தட்டினால் நம்ப வேண்டாம். எனக்கு நலாக்ஸோன் பங்கு பெரிது என்று தோன்றுகிறது, ஆனால் நான் அதைக் கொடுக்கிற ஆள், அப்படித்தான் தோன்றும்.

பையனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மருந்துக்கடையில் தன் பெயரில் வாங்காத எந்த மாத்திரையும் வேண்டாம், பரீட்சைக்கு முழித்திருக்க நண்பன் நீட்டும் அடெரால் உட்பட. அறையில் ஒரு நார்கன் பெட்டி இருக்கட்டும், தனக்கில்லாவிட்டால் பக்கத்து அறைக்காரனுக்கு. யாராவது எழுப்பியும் எழாமல், உதடு நீலமாக, குறட்டை மாதிரி கரகரவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் 911ஐக் கூப்பிட்டுவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்குத் துவாரத்தில் முனையை முழுக்க நுழைத்து அடிப்பகுதியை அழுத்த வேண்டும். முன்கூட்டி ஒருமுறை அழுத்திச் சோதித்துப் பார்க்கக் கூடாது, ஒவ்வொன்றிலும் இருப்பது ஒரே டோஸ், சோதித்தால் காலி. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சரியாகாவிட்டால் இரண்டாவதை மறு துவாரத்தில். எழுந்தவர் கோபமாக இருப்பார், திட்டுவார், ஆம்புலன்ஸ் வரும்வரை போகவிடக் கூடாது, மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி மயங்கலாம். கலிஃபோர்னியாவின் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகங்கள் மாணவர்களுக்கு இதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2022லேயே சட்டம் இருக்கிறது. வகுப்பு தொடங்கும் வாரம் வளாகச் சுகாதார மையத்துக்குப் போய்க் கேட்கட்டும், இரண்டு பெட்டி கேட்டாலும் கொடுப்பார்கள்.